பின்னக் கூட்டல் தப்பாக வருகிறதா? விடையைப் பார்த்தே பிழையைப் பிடிக்கலாம்

வீட்டுப்பாட நோட்டில் பின்னக் கூட்டல் தப்பாகியிருந்தால், பெரியவர்கள் பெரும்பாலும் அதை அடித்துவிட்டு, முதல் வரியிலிருந்து சரியான வழியை எழுதிக் காட்டுகிறோம். பிள்ளை அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும். மறுநாள் அதே மாதிரிக் கணக்கில் அதே தப்பு திரும்பவும் வரும். பிள்ளை எந்த இடத்தில் சறுக்கியது என்று யாரும் பார்க்காததுதான் காரணம். பகுதிகள் வேறுபட்ட பின்னங்களைக் கூட்டும்போது வரும் பிழைகள் சில வகைதான். ஒவ்வொரு வகையும் விடையில் ஓர் அடையாளத்தை விட்டுவிட்டுப் போகும். அதனால் தப்பான விடையை உடனே அழிக்க விடாதீர்கள். நமக்குத் துப்பு அதில்தான் இருக்கிறது.

கீழே ஒவ்வொரு அறிகுறியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பிள்ளையின் விடை எதில் பொருந்துகிறதோ அங்கே நேராகப் போய்விடலாம். மேலே இருக்கும் எண் தொகுதி, கீழே இருக்கும் எண் பகுதி. இந்த இரண்டு சொற்கள் தெரிந்தால் போதும்.

எந்தக் கணக்கானாலும் பென்சிலை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: விடை ஒன்றைத் தாண்டுமா, தாண்டாதா? இரண்டு பின்னங்களும் அரையை விடப் பெரியவை என்றால் கண்டிப்பாகத் தாண்டும். இரண்டும் அரையை விடச் சிறியவை என்றால் தாண்டாது. ஒன்று பெரியது, இன்னொன்று சிறியது என்றால் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். கீழே வரும் பிழைகளில் பல இந்த ஒரு கேள்வியிலேயே மாட்டிக்கொள்ளும்.

அறிகுறி: கூட்டிய பிறகு விடை குறைந்துவிட்டது

கணக்கு இது: ஒரு மாணவி காலையில் 1/2 மணி நேரமும் மாலையில் 1/3 மணி நேரமும் படித்தாள். மொத்தம் எவ்வளவு நேரம்? பிள்ளை எழுதிய விடை 2/5.

மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறது. எல்லாவற்றையும் விட அடிக்கடி வரும் பிழை இதுதான். இதற்கு மருந்து கடிகாரம். ஒரு மணிக்கு 60 நிமிடம். 60 என்பது 2, 3, 4, 5, 6, 10, 12 எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும். பின்னக் கூட்டலைச் சரிபார்க்க இதைவிட வசதியான அளவு வீட்டில் இல்லை. 2/5 மணி என்றால் 24 நிமிடம். காலையில் படித்ததே 30 நிமிடம். மாலையிலும் படித்த பிறகு மொத்தம் எப்படி 24 ஆகும்? இதை நீங்கள் சொல்லாமல் பிள்ளையையே நிமிடமாக மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். 30 + 20 = 50 நிமிடம் என்று அதுவே கண்டுபிடித்துவிடும். அப்புறம் 1/2 என்பதை 3/6 என்றும் 1/3 என்பதை 2/6 என்றும் மாற்றி, 5/6 என்று எழுதிக் காட்டினால், 60-இல் 5/6 பங்கு 50 என்பது தானாகப் பொருந்தும்.

ஆனால் இந்தப் பிழை ஏன் இவ்வளவு பிடிவாதமாக ஒட்டிக்கொள்கிறது என்று யோசிக்க வேண்டும். பிள்ளைகள் தினமும் பார்க்கும் ஓர் இடத்தில் இதே முறை சரியாகவே வேலை செய்கிறது. அது மதிப்பெண். ஒரு தேர்வில் 7/10, இன்னொரு தேர்வில் 15/20 என்று விடைத்தாளில் போட்டிருக்கும். மொத்தம்? 22/30. மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டினோம், சரியாக வந்தது! ஆசிரியரே அப்படித்தான் கூட்டுகிறார். பிறகு பின்னக் கூட்டலில் மட்டும் அதைத் தப்பு என்றால் பிள்ளை குழம்பத்தான் செய்யும்.

இந்த வேறுபாட்டை விளக்காமல் 'அப்படிக் கூட்டக் கூடாது' என்று மட்டும் சொல்வதில் பயன் இல்லை. மதிப்பெண்ணில் முழுமை மாறுகிறது: 10 மதிப்பெண் தாளோடு 20 மதிப்பெண் தாள் சேர்ந்து 30 மதிப்பெண் ஆகிறது. படிப்பு நேரக் கணக்கில் முழுமை மாறவில்லை. காலையிலும் மாலையிலும் நாம் அளப்பது அதே ஒரு மணி நேரத்தைக் கொண்டுதான். 7/10, 15/20 இரண்டையும் உண்மையான பின்னங்களாகக் கூட்டிப் பாருங்கள்: 14/20 + 15/20 = 29/20. இருபதுக்கு இருபத்தொன்பது மதிப்பெண் யாராலும் வாங்க முடியாது. ஆக, மதிப்பெண் தாளில் இருக்கும் கோடு வேறு வேலை செய்கிறது, பின்னத்தில் இருக்கும் கோடு வேறு வேலை செய்கிறது. ஐந்து நிமிடம் செலவழித்து இதை ஒருமுறை பேசிவிட்டால் இந்தப் பிழை திரும்ப வருவது வெகுவாகக் குறையும்.

அறிகுறி: பகுதி சரியாக மாறியிருக்கிறது, விடை மட்டும் மிகச் சிறியது

3/4 கிலோ துவரம் பருப்பும் 1/5 கிலோ கடலைப் பருப்பும் ஒரே பையில் இருக்கின்றன. பையின் எடை? பிள்ளை 3/20 + 1/20 = 4/20 என்று போட்டிருக்கிறது.

இந்தப் பிள்ளைக்குப் பொதுப் பகுதி வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. 20 என்று சரியாகக் கண்டுபிடித்தும் இருக்கிறது. முதலில் அதைப் பாராட்டுங்கள். சறுக்கியது அடுத்த படியில்: கீழே மாற்றியது, மேலே அப்படியே விட்டுவிட்டது. 4/20 கிலோ என்றால் 200 கிராம். கடலைப் பருப்பு மட்டுமே 200 கிராம் இருக்கிறது. துவரம் பருப்பு எங்கே போயிற்று?

இங்கே கேட்க வேண்டியது, '3/4 கிலோ எத்தனை கிராம்? 3/20 கிலோ எத்தனை கிராம்?' என்பதுதான். 750, 150 என்று விடை வரும். வடிவத்தை மாற்றினோம், எடை மாறிவிட்டது. அப்படி மாறக் கூடாது. நான்கு துண்டாக இருந்ததை இருபது துண்டாக்கினால் ஒவ்வொரு துண்டும் ஐந்தாக உடைகிறது. அப்படியானால் நம் கையில் இருக்கும் மூன்று துண்டும் பதினைந்தாக வேண்டும். 15/20 + 4/20 = 19/20, அதாவது 950 கிராம்.

சில பிள்ளைகள் இதே இடத்தில் வேறு விதமாகப் போவார்கள். 4-ஐ 20 ஆக்க 16 கூட்டினோம், எனவே மேலேயும் 16 கூட்டுவோம் என்று 3/4-ஐ 19/20 ஆக்குவார்கள். 1/5 அதே வழியில் 16/20 ஆகும். மொத்தம் 35/20, அதாவது ஒன்றே முக்கால் கிலோ. விடை தேவைக்கு மேல் பெரிதாக வந்தால் இந்தப் பக்கம் சந்தேகப்படுங்கள். 'ஒவ்வொன்றையும் கிராமில் சொல்' என்ற அதே கேள்விதான் இதற்கும் மருந்து. 3/4 கிலோ 950 கிராமாக முடியாது என்பது உடனே தெரிந்துவிடும்.

அறிகுறி: கூட்டல் குறிக்கு இரு பக்கமும் அடித்துச் சுருக்கியிருக்கிறது

2/3 மணி நேரம் பேருந்து, 3/4 மணி நேரம் ரயில். பிள்ளை முதல் பின்னத்தின் கீழே உள்ள 3-ஐயும் இரண்டாவதன் மேலே உள்ள 3-ஐயும் அடித்துவிட்டு 2/4, அதாவது 1/2 என்று எழுதியிருக்கிறது. பின்னப் பெருக்கல் பாடம் முடிந்த கையோடு இது கிளம்பும். குறுக்கே அடிப்பது பெருக்கல் குறி இருந்தால் மட்டுமே. 40 நிமிடம் பேருந்தும் 45 நிமிடம் ரயிலும் சேர்ந்தால் 85 நிமிடம். அரை மணி ஆகாது. 8/12 + 9/12 = 17/12. இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. சில நாட்களுக்குப் பெருக்கலையும் கூட்டலையும் கலந்து கொடுத்து, கணக்கைத் தொடங்கும் முன் நடுவில் இருக்கும் குறியைச் சுற்றி ஒரு வட்டம் போடச் சொன்னால் சரியாகிவிடும்.

அறிகுறி: எண்கள் பூதாகரமாகி, நடுவில் பெருக்கல் தப்பாகிறது

5/12 + 7/18. பிள்ளை 12 × 18 = 216 என்று போட்டு, 90/216 + 84/216 = 174/216 என்று வந்து நிற்கிறது. அல்லது அந்தப் பெருக்கல்களில் ஏதோ ஒன்றில் தவறி, வேறெங்கோ போய் நிற்கிறது.

முறையில் பிழை இல்லை. குறுக்குப் பெருக்கல் எப்போதும் சரியான விடையைத்தான் தரும். ஆனால் சுமை அதிகம், அதனால் தவறும் வாய்ப்பும் அதிகம். மீச்சிறு பொது மடங்கைக் கண்டுபிடிக்கக் காரணிப்படுத்தலெல்லாம் செய்யாமலே, பெரிய பகுதியின் மடங்குகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கலாம். 18: 12-ஆல் வகுபடாது. 36: வகுபடும். அவ்வளவுதான். 15/36 + 14/36 = 29/36. முதலில் வந்த 174/216-ஐ 6-ஆல் சுருக்கினாலும் இதேதான் வரும்.

ஒரு பகுதி இன்னொன்றின் மடங்காகவே இருந்தால் தேடவும் வேண்டாம். ஒரு சவரன் 8 கிராம். அரை சவரனில் ஒரு சங்கிலி, கால் சவரனில் ஒரு ஜோடித் தோடு, 1/8 சவரனில் ஒரு மோதிரம். 2, 4, 8 மூன்றுக்கும் 8 போதும்: 4/8 + 2/8 + 1/8 = 7/8 சவரன், அதாவது 7 கிராம். இதையே மூன்று பகுதிகளையும் பெருக்கி 64 என்று ஆரம்பிக்கும் பிள்ளைகள் உண்டு. மூன்று பின்னங்கள் வந்தால் குறுக்குப் பெருக்கலை அறவே விட்டுவிடச் சொல்வேன். எதை எதோடு பெருக்குவது என்பதிலேயே குழப்பம் வந்துவிடும்.

நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி என்ற பழைய கணக்கு வாய்பாட்டு நூலை மனப்பாடம் செய்தவர்கள் இந்தச் சிக்கலை அழகாகத் தாண்டினார்கள். அவர்களுக்கு முந்திரி என்பது 1/320. ஒரு காணி 4 முந்திரி, ஒரு மா 16, வீசம் 20, கால் 80, அரை 160. எல்லாப் பின்னத்தையும் முந்திரியாக்கிவிட்டால் பிறகு அது சாதாரணக் கூட்டல்தான். காலும் ஒரு மாவும் சேர்ந்தால் 80 + 16 = 96 முந்திரி. இன்றைய எழுத்தில் 1/4 + 1/20 = 6/20 = 3/10; 96/320-ஐச் சுருக்கினாலும் அதே 3/10. பொதுப் பகுதியைக் கணக்குக்குக் கணக்கு தேடாமல் முன்கூட்டியே ஒன்றை முடிவு செய்து வைத்திருந்தார்கள். ஆனால் 320-ஐ மூன்றால் வகுக்க முடியாது. 1/3 உள்ளே வந்துவிட்டால் அந்தக் கணக்குக்கு ஏற்ற பொது மடங்கை நாம்தான் தேடியாக வேண்டும்.

அறிகுறி: கலப்புப் பின்னத்தில் ஒரு முழு எண் காணவில்லை, அல்லது கூடுதலாக இருக்கிறது

ஒருவருக்கு ஓர் இடத்தில் ஒன்றே முக்கால் ஏக்கரும், இன்னோர் இடத்தில் 2 ஏக்கரும் அதோடு 2/5 ஏக்கரும் இருக்கிறது. மொத்தம்?

முழு எண்கள்: 1 + 2 = 3. பின்னங்கள்: 15/20 + 8/20 = 23/20. இதுவரை பெரும்பாலான பிள்ளைகள் சரியாக வந்துவிடுவார்கள். இங்கிருந்துதான் வழி பிரிகிறது. 23/20-இல் ஒரு முழு ஏக்கரும் 3/20 ஏக்கரும் இருக்கின்றன. சரியான விடை 4 ஏக்கரும் 3/20 ஏக்கரும்.

'3 ஏக்கர், 3/20' என்று எழுதியிருந்தால் 23-இலிருந்து 20-ஐ எடுத்தது, ஆனால் அதை முழு எண்ணோடு சேர்க்க மறந்துவிட்டது. 'நாலு ஏக்கர், 23/20' என்றால் சேர்த்தது, எடுக்க மறந்துவிட்டது. '3 ஏக்கர், 23/20' என்றால் தப்பு இல்லை, பாதியில் நிறுத்திவிட்டது. மூன்றும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் மூன்றுக்கும் சொல்ல வேண்டியது வேறு. சரிபார்க்கச் சென்ட் இருக்கிறது: ஏக்கருக்கு 100 சென்ட். 175 + 240 = 415 சென்ட். நாலு ஏக்கர் பதினைந்து சென்ட்; 3/20 ஏக்கர் என்பதும் பதினைந்து சென்ட்தான். மறந்துவிட்ட ஒன்று என்பது இங்கே முழுசாக ஓர் ஏக்கர் நிலம் என்று சொன்னால் பிள்ளைக்கு அதன் கனம் புரியும்.

எல்லாவற்றையும் தகா பின்னமாக்கி, அதாவது முழு எண்ணையும் தொகுதிக்குள் சேர்த்து, 7/4 + 12/5 = 35/20 + 48/20 = 83/20 என்றும் போகலாம். சில பள்ளிகளில் இதைத்தான் வற்புறுத்துகிறார்கள். கழித்தலுக்கு இது உதவும். கூட்டலில் முழு எண்களைத் தனியே வைப்பதே நல்லது என்பது என் எண்ணம். எண்கள் சின்னதாக இருக்கும், விடை மூன்றுக்கு மேலா, நான்குக்கு மேலா என்பதும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

கையெழுத்தையும் ஒருமுறை பாருங்கள். 1-ஐயும் 3/4-ஐயும் நெருக்கி எழுதி, அடுத்த வரியில் அதையே 13/4 என்று படித்துவிடும் பிள்ளைகள் உண்டு. அந்தக் கணக்கில் வேறு எந்தப் பிழையும் இருக்காது.

அறிகுறி: அலகுகள் கலந்துவிட்டன

அரை லிட்டர் பாலோடு 200 மில்லி சேர்த்தால் எவ்வளவு என்றால் 1/2 + 200 என்று எழுதுவது. ஒன்றை இன்னொன்றாக மாற்றச் சொன்னால் போதும்: 1/2 + 1/5 = 7/10 லிட்டர், அல்லது 500 + 200 = 700 மில்லி.

நேரத்தில் வரும் கலப்பு இன்னும் நுட்பமானது. ஒன்றரை மணி நேரத்தை 1.30 என்றும் முக்கால் மணியை 0.45 என்றும் எழுதி, கூட்டி 1.75 என்று சொல்லும் பிள்ளை, அதை ஒன்றே முக்கால் மணி நேரம் என்று படித்துவிடும். உண்மையில் அது ஒரு மணி 75 நிமிடம், அதாவது இரண்டேகால் மணி. அரை மணி நேரம் தொலைந்துவிட்டது. நேரக் கணக்கில் புள்ளியே வைக்க வேண்டாம். பின்னமாக எழுதுங்கள், அல்லது மணி, நிமிடம் என்று தனித்தனியாக எழுதுங்கள்.

அறிகுறி: கூட்டல் முழுக்கச் சரி, ஆனால் விடை தப்பு

இதுதான் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம். வரி வரியாகத் தேடினாலும் பிழை கிடைக்காது. பிழை கணக்கைப் படித்த விதத்தில் இருக்கிறது.

மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதில் 1/3 பங்கு வாடகைக்கு. மீதியில் 1/4 பங்கு மளிகைக்கு. இரண்டுக்கும் சேர்த்து எவ்வளவு? பிள்ளை 1/3 + 1/4 = 7/12 என்று கூட்டி, 17,500 ரூபாய் என்கிறது. கூட்டலில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அந்த 1/4 சம்பளத்தில் கால் அல்ல, மீதியில் கால். வாடகை போக மீதி 2/3. அதில் கால் என்றால் 2/12, அதாவது 1/6. இப்போது 1/3 + 1/6 = 3/6 = 1/2. வாடகை 10,000, மளிகை 5,000, மொத்தம் 15,000.

ஒவ்வொரு பின்னத்தையும் பார்த்து 'எதில்?' என்று கேட்கும் பழக்கம் வேண்டும். எதில் மூன்றில் ஒன்று? சம்பளத்தில். எதில் கால்? மீதியில். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால்தான் நேராகக் கூட்டலாம். ஒரு நீளக் கட்டம் வரைந்து மூன்றாகப் பிரித்து, வாடகைத் துண்டை நிழலிட்டுவிட்டு, மிச்சமுள்ள இரண்டு துண்டுகளை நாலாக வெட்டச் சொல்லுங்கள். ஒரு வெட்டு முழுக் கட்டத்தில் ஆறில் ஒன்று என்பது கண்ணாலேயே தெரியும்.

இதே 'எதில்?' இன்னொரு வகைக் கணக்கையும் காப்பாற்றும். ஆறாம் வகுப்பு 'அ' பிரிவில் பாதிப் பேரும் 'ஆ' பிரிவில் மூன்றில் ஒரு பங்கினரும் சைக்கிளில் வருகிறார்கள். மொத்த மாணவர்களில் எத்தனை பங்கு? 5/6 என்று வந்தால் நம்பக் கூடாது. ஒன்றில் பாதி, மற்றதில் பாதியை விடக் குறைவு. இரண்டும் சேர்ந்து பாதியைத் தாண்டவே முடியாது. பிரிவுகளில் 40 பேரும் 30 பேரும் இருந்தால் 20 + 10 = 30 பேர், மொத்தம் 70 பேரில்; அதாவது 3/7. இங்கே மதிப்பெண் போலவே ஆட்களைத் தனியாகவும் மொத்தத்தைத் தனியாகவும் கூட்டுகிறோம், ஏனென்றால் முழுமையே இரண்டு. எத்தனை பேர் என்று கணக்கில் கொடுக்காவிட்டால் விடையே சொல்ல முடியாது.

அறிகுறி: பங்குகளின் கூட்டல் ஒன்றாக வரவில்லை

எடையும் நேரமும் ஒன்றைத் தாண்டலாம். பங்கு தாண்டக் கூடாது. தொட்டியில் 3/5 பங்கு தண்ணீர் இருக்கும்போது மோட்டார் போட்டு இன்னும் அரைத் தொட்டித் தண்ணீர் ஏற்றினால் 11/10 வருகிறது. கூட்டல் சரி என்றால் 1/10 வழிந்திருக்கிறது. 1,000 லிட்டர் தொட்டி என்றால் 100 லிட்டர். கணக்கு அதைத்தான் கேட்கிறதா என்று திரும்பப் படிக்க வேண்டும்.

ஒன்றுக்குக் குறைவாக வந்தால் மீதி எங்கோ இருக்கிறது. 17 ஒட்டகங்களை மூன்று மகன்களுக்கு 1/2, 1/3, 1/9 என்று பிரிக்கும் புதிரைப் பலர் கேட்டிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஓர் ஒட்டகம் கொடுத்து 18 ஆக்குவார். 9, 6, 2 என்று பிரித்த பிறகு அவருடைய ஒட்டகம் அவருக்கே திரும்பும். 9/18 + 6/18 + 2/18 = 17/18 என்று கூட்டிப் பார்த்தால் இரகசியம் உடைந்துவிடும். பங்குகள் தொடக்கத்திலேயே ஒன்றை எட்டவில்லை.

எந்த அறிகுறி என்று தெரியாதபோது

இந்த ஒரு கணக்கைக் கொடுங்கள்: 5/6 மணி நேரம் சமையல், 3/4 மணி நேரம் வீட்டைச் சுத்தம் செய்தல். மொத்தம் எவ்வளவு நேரம்? 8/10 என்று வந்தால் முதல் அறிகுறி. 8/12 என்றால் தொகுதியை மாற்றவில்லை. 22/12 என்றால் பெருக்குவதற்குப் பதில் கூட்டியிருக்கிறது. 5/8 என்றால் குறுக்கே அடித்திருக்கிறது. 38/24 என்றால் எண்ணைப் பெரிதாக்கிக்கொண்டது, மற்றபடி சரி. 7/12 என்றால் முழு எண் ஒன்றைத் தொலைத்துவிட்டது. 19/12 அல்லது 1 மணி 35 நிமிடம் என்றால் கூட்டல் நன்றாகவே தெரிகிறது. அடுத்து சம்பளக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்.